நாய் இருக்கிறதா? காட்டுப் பறவை வேட்டைக்கு ஒரு சிறு காலிபர் ரைஃபிள்

ஃபின்லாந்தில் வேட்டைத் தேர்வு எழுதி முடித்து, போலீஸிடம் துப்பாக்கி அனுமதிக்கு விண்ணப்பிக்கப் போகிற புதியவர் ஆயுதக் கடையில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "பறவைக்கு எந்த ரைஃபிள் நல்லது?" விவரம் தெரிந்த கடைக்காரர் உடனே அலமாரியைத் திறக்க மாட்டார். "நாய் வைத்திருக்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்பார்.

சம்பந்தமில்லாத கேள்வி போலத் தோன்றும். ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. நல்ல நாய் இருந்தால் பறவையை 40 முதல் 70 மீட்டரில் சுடலாம். நாய் இல்லாமல் பனியில் தேடிப் போனால் 120, 150, சில நேரம் 200 மீட்டர் தள்ளித்தான் பறவை உட்கார்ந்திருக்கும். தூரம் முடிவானால் தோட்டா முடிவாகிவிடும், தோட்டா முடிவானால் துப்பாக்கி தானாக வந்து நிற்கும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கட்டையின் அழகைப் பார்த்து ரைஃபிளை வாங்கிவிட்டு, அதற்கேற்ற தூரத்தைக் காட்டில் தேடிக்கொண்டு அலைகிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் காட்டுக்கோழியோ கௌதாரியோ சுட்டால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே பேசுவது வட ஐரோப்பாவின் ஊசியிலைக் காடுகளை, முக்கியமாக ஃபின்லாந்தை. அங்கே ஒவ்வோர் ஆகஸ்டிலும் தன்னார்வலர்கள் பக்கத்துக்கு 4 கிலோமீட்டர் நீளமுள்ள முக்கோணப் பாதைகளில் மூன்று பேர் வரிசையாக நடந்து பறவைகளை எண்ணுகிறார்கள். அந்த ஆண்டு எத்தனை நாள் வேட்டை, எந்தப் பறவை என்பதை அரசு அந்தக் கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்கிறது.

மூன்று பறவைகள், மூன்று அளவுகள்

ஃபின்னிஷ் பெயர்களிலேயே சொல்வோம், காட்டில் அப்படித்தான் பேசுகிறார்கள். மெட்சோ: ஆங்கிலத்தில் கேப்பர்கெய்லி. சேவல் 4 கிலோ அளவுக்கு வளரும், பெட்டை அதில் பாதிதான். தேரி: கறுப்புக் க்ரௌஸ். சேவல் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ப்யூ: ஹேஸல் க்ரௌஸ். 400 கிராம் இருந்தாலே நல்ல பறவை. மூன்றும் கோழிக் குடும்பம்தான்.

சுடுகிறவருக்கு முக்கியம் எடையல்ல, உயிர்நிலையின் அகலம். இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி மெட்சோ சேவலில் ஏறத்தாழ 10 செ.மீ., தேரியில் 6–7 செ.மீ., ப்யூவில் 4 செ.மீ.தான். வெளியே தெரியும் உருவத்தை நம்பக் கூடாது. குளிர்காலத்தில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தேரி ஒரு கால்பந்து மாதிரி தெரியும். அதில் பெரும்பகுதி காற்றும் இறகும்தான்.

மூன்று வேட்டை முறைகளில் மிக எளியது ப்யூ வேட்டை. உலோகத்தாலோ எலும்பாலோ ஆன சின்ன ஊதல் ஒன்றை ஊதினால், போட்டிக்கு வந்த சேவல் என்று நினைத்துப் பறவையே 20 மீட்டர் வரை வந்துவிடும். இரண்டாவது, நாயோடு போவது. ஃபின்லாந்தின் தேசிய நாயான ஃபின்னிஷ் ஸ்பிட்ஸ் இதற்கென்றே வளர்க்கப்பட்ட சாதி. பறவையை எழுப்பி, அது எந்த மரத்தில் ஏறியது என்று கண்டுபிடித்து, அடியில் நின்று விடாமல் குரைக்கும். மெட்சோ நாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது வேட்டைக்காரர் மெல்ல நெருங்குவார். மூன்றாவது, நவம்பருக்குப் பிறகு பனிச்சறுக்குக் கட்டைகளில் போய் மர உச்சியில் மேயும் பறவைகளைச் சுடுவது. தேரிகள் பிர்ச் மரத்து மொட்டுகளையும் மெட்சோக்கள் பைன் ஊசிகளையும் தின்றுகொண்டிருக்கும். இலை இல்லாத மரம், வெள்ளைத் தரை, பத்து ஜோடிக் கண்கள். 100 மீட்டருக்குள் நெருங்கினால் அது அதிர்ஷ்டம்.

.22 எல்.ஆர். எங்கே போதும், எங்கே போதாது

என்.சி.சி.யில் 25 மீட்டரில் படுத்துச் சுட்டவர்களுக்கு இந்தத் தோட்டாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதே பாயின்ட் டூ டூ: .22 என்பது அங்குலத்தில் குழலின் விட்டம், எல்.ஆர். என்றால் லாங் ரைஃபிள். 1880-களிலிருந்து இருக்கிறது. 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் ஈயக் குண்டு, நொடிக்கு 320 முதல் 380 மீட்டர் வேகம், குழல் முனையில் 130 முதல் 190 ஜூல். மலிவு, சத்தம் குறைவு, தோளில் உதை இல்லை, இறைச்சியும் பாழாகாது. ப்யூவுக்கு இதைவிட நல்லது இல்லை.

பிரச்சினை இரண்டு. முதலாவது, குண்டு விழும் விதம். 50 மீட்டருக்குச் சரிசெய்த, அதாவது அந்தத் தூரத்தில் குண்டு குறியிலேயே படும்படி அமைத்த ரைஃபிளில் வேகத் தோட்டா 75 மீட்டரில் 5–6 செ.மீ., 100 மீட்டரில் 15 செ.மீ. அளவுக்குக் கீழே போகும். மெதுவான தோட்டா 100-ல் 20 செ.மீ. இறங்கிவிடும். கண் மதிப்பில் தூரத்தை 80 என்று நினைத்து உண்மையில் 95 ஆக இருந்தால் குண்டு தேரியின் காலுக்கடியில் போகும். பக்கக் காற்றும் சேர்ந்துகொள்ளும்: இலைகள் தொடர்ந்து அசையும் அளவுக்குக் காற்றடித்தாலே 100 மீட்டரில் 10 செ.மீ.க்கு மேல் தள்ளிவிடும். இரண்டாவது, ஊடுருவல். மெட்சோ சேவலின் இறகும் சிறகெலும்பும் லேசானவை அல்ல. முனையில் குழிவுள்ள ஹாலோ பாயின்ட் குண்டு சிறகெலும்பிலேயே மலர்ந்து நின்றுவிடலாம். அதனால் .22 எல்.ஆர்.-இல் பெரிய பறவைக்குப் போகிறவர்கள் உருண்டை முனையுள்ள சாதாரண ஈயக் குண்டையே எடுப்பார்கள், 60 மீட்டரோடு நிறுத்திக்கொள்வார்கள்.

சட்டமும் இங்கேதான் குறுக்கே வரும். ஃபின்லாந்தின் வேட்டை ஆணை ஒவ்வோர் உயிரினத்துக்கும் குண்டின் குறைந்தபட்ச ஆற்றலை ஜூல் கணக்கில் வைத்திருக்கிறது. ஸ்வீடனில் தோட்டாக்களை நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், .22 எல்.ஆர். கடைசி வகுப்பு. பெரிய பறவை என்று வரும்போது இந்தத் தோட்டா எல்லைக்கோட்டில் நிற்பது, அல்லது அதற்கு வெளியே போய்விடுவது. தோட்டாப் பெட்டியில் அச்சடித்திருக்கும் ஜூலை அந்த நாட்டின் நடப்பு அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும்.

அடுத்த படிகள்

.17 எச்.எம்.ஆர். என்ற இன்னும் மெல்லிய தோட்டா 2002-இல் வந்தது. 1.1 கிராம் குண்டு, நொடிக்கு 777 மீட்டர், 330 ஜூல். 100 மீட்டருக்குச் சரிசெய்தால் 150 மீட்டரில் சுமார் 10 செ.மீ.தான் இறங்கும், அதனால் தாளில் பார்த்தால் கனவுத் தோட்டா. ஆனால் அதற்குப் பரவலாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் முனைக் குண்டு பட்டதும் வெடித்துச் சிதறும். தேரியின் நெஞ்சுக்கறி கைமா ஆகிவிடும். காற்றும் இந்த இலகுவான குண்டோடு நன்றாக விளையாடும். காகத்துக்கு ஏற்ற தோட்டாவைச் சமையலுக்கான பறவைக்கு வாங்குவானேன்?

.22 மேக்னம் 1959-இல் வந்தது. 2.6 கிராம் குண்டு, நொடிக்கு 570 மீட்டர், 420 ஜூல். அதிகம் பேசப்படாத தோட்டா. நாயோடு போகிறவருக்கு மிகப் பொருத்தமானது என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. முழு உறை போட்ட (ஈயம் வெளியே தெரியாமல் உலோகம் மூடிய) குண்டோடு கிடைக்கிறது, மெட்சோ சேவலை ஊடுருவுகிறது, 100 மீட்டர் வரை நம்பலாம். .22 எல்.ஆர்.-ஐவிட விலை பல மடங்கு, துல்லியமும் ஒரு பிடி குறைவு. ஆனால் ஒரு பருவத்தில் பறவையை நோக்கிச் சுடப்போவது பத்துப் பதினைந்து தோட்டாதான்.

.22 ஹார்னெட்டிலிருந்து தோட்டாவின் அமைப்பே மாறுகிறது. மேலே சொன்ன மூன்றும் விளிம்பில் அடித்தால் வெடிப்பவை. காலிக் கூட்டை மறுபடி நிரப்ப முடியாது. ஹார்னெட்டும் .222 ரெமிங்டனும் நடுவில் தனிப் ப்ரைமர் (ஊசி தட்டியதும் தீப்பொறி தரும் சிறு மூடி) உள்ளவை, வீட்டிலேயே மறுபடி நிரப்பலாம். ஹார்னெட் ஆயிரம் ஜூலை ஒட்டி நிற்கும். 1950-இல் வந்த .222 அதைவிடப் பெரிது: 3.2 கிராம் குண்டு, நொடிக்கு 950 மீட்டருக்கு மேல், 1,480 ஜூல். 100-க்குச் சரிசெய்தால் 150-இல் 4 செ.மீ., 200-இல் 12 செ.மீ. இறக்கம். பனிக்கால மர உச்சி வேட்டைக்கு வட நாடுகளில் பல தலைமுறையாகக் கையில் இருப்பது இதுதான். இன்று புது ரைஃபிள் வாங்குகிறவர் அதையொத்த .223 தோட்டாவுக்கான ரைஃபிளை எடுப்பதே நல்லது. வேலை அதேதான், தோட்டா எங்கும் கிடைக்கும்.

குண்டைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும்

மானுக்கும் நரிக்கும் போடும் மென்முனைக் குண்டு உள்ளே போய் மலர வேண்டும். பறவைக்கு அதுவே வினை. .222 மென்முனைக் குண்டு ஒரு கிலோத் தேரியில் பட்டால் மிஞ்சுவது இரண்டு காலும் கொஞ்சம் இறகும். ஆகவே பறவைக்கு முழு உறைக் குண்டு: ஈயத்தைச் செம்புக் கலவை முழுதாக மூடியிருக்கும், மலராமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போகும்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். முழு உறை என்றால் இறைச்சி கெடாது என்று நினைத்து, .223-இல் முழு வேகத் தோட்டாவைப் போட்டு 50 மீட்டரில் சுடுகிறார்கள். அந்த வேகத்தில் குண்டு எலும்பில் பட்டதும் புரண்டு உடைகிறது, சேதம் மென்முனைக்குச் சளைக்காது. பாதிச் சேதம் உறையால் அல்ல, வேகத்தால். அதனால்தான் ஃபின்லாந்து வேட்டைக்காரர்கள் பறவைக்கென்று மெதுவான தோட்டாவைத் தனியாக நிரப்பிக்கொள்கிறார்கள். நொடிக்கு 600–700 மீட்டருக்குக் குறைத்தால் .222 அருமையான பறவைத் துப்பாக்கி ஆகிவிடும். ஆனால் வெடிமருந்தைக் கண்மதிப்பில் குறைக்கக் கூடாது. தவறான மருந்தை ரொம்பக் குறைத்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். மருந்து நிறுவனத்தின் கையேட்டில் குறைந்தபட்சம் என்று போட்டிருப்பதற்குக் கீழே போகவே கூடாது.

இதே கணக்கில்தான் இன்னொரு முரண்: ஸ்வீடனிலும் நார்வேயிலும் 6.5×55 மாதிரிப் பெரிய தோட்டாவில் கனமான முழு உறைக் குண்டைப் போட்டு மெட்சோவைச் சுடுகிறவர்கள் நிறையப் பேர். 9 கிராம் குண்டு நிதானமாகத் துளைத்துப் போகும், 200 மீட்டரிலும் காற்றுக்கு எளிதில் அசையாது. சின்னத் தோட்டா வேகமாகப் போனால் நாசம், பெரிய தோட்டா மெதுவாகப் போனால் ஓர் ஓட்டை மட்டும்.

எங்கே குறி வைப்பது

பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தால், சிறகு உடலோடு சேரும் இடத்தில், உடலின் மேல் மூன்றில் ஒரு பங்கு. கீழே வைத்தால் நெஞ்சுக்கறி போகும், இன்னும் பின்னால் தள்ளினால் குடல் உடைந்து எல்லாம் கெடும். முதுகைக் காட்டினால் இரண்டு சிறகுக்கும் நடுவே முதுகெலும்பு. முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் காத்திருப்பதே மேல். முன்னால் ஊசியிலையும் மொட்டும் நிரம்பிய தீவனப்பை இருக்கிறது, குண்டு அதைக் கிழித்துக்கொண்டு போனால் நெஞ்சு முழுக்கப் பசைபோல் அப்பிவிடும்.

பறவை பறந்து போய்விட்டால் குறி தவறிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. நுரையீரலில் .22 பட்ட மெட்சோ இருநூறு மீட்டர் ஒழுங்காகப் பறந்து செங்குத்தாக விழும். அது போன திசையைக் கண்ணால் பிடித்து வைத்துக்கொண்டு, முதலில் மரத்தடிக்குப் போய்ப் பனியில் இறகு கிடக்கிறதா என்று பார்த்து, பிறகு அதே கோட்டில் நடக்க வேண்டும். கூட்டமாக உட்கார்ந்திருந்தால் கீழ்க்கிளையில் இருப்பதை முதலில் சுடுவது வழக்கம். மேலே இருப்பதைச் சுட்டால் அது மற்றவற்றைத் தட்டிக்கொண்டு விழும், கூட்டமே கிளம்பிவிடும்.

இதையெல்லாம்விட முக்கியம் பறவைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது. மர உச்சியைப் பார்த்துச் சுடும்போது குழல் 15–30 பாகை மேல்நோக்கி இருக்கும். குண்டு மிக அதிக தூரம் போகும் கோணமும் கிட்டத்தட்ட அதுவே. .22 எல்.ஆர். ஒன்றரைக் கிலோமீட்டர் போகும், .222-உம் .223-உம் 3 கிலோமீட்டரைத் தாண்டும். பறவையைத் துளைத்த முழு உறைக் குண்டுக்கு இன்னும் நிறைய ஓட்டம் மிச்சமிருக்கும். பின்னால் குன்றின் சரிவு இருந்தால் சுடலாம். வெறும் வானமாக இருந்தால், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் தெரிந்தாலொழிய விசையைத் தொடக் கூடாது. மக்கள் நடமாட்டமுள்ள இடங்களில் .22 எல்.ஆர். எடுப்பதற்கு உண்மையான காரணம் இதுதான், விலையல்ல. அதேசமயம், உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் பட்டால் அந்த மெதுவான ஈயக் குண்டும் திசைமாறித் தெறிக்கும்.

இனி ரைஃபிள்

இத்தனைக்கும் பிறகு ரைஃபிளைத் தேர்வு செய்வது சுருக்கமான வேலை. கையால் இழுத்துப் பூட்டும் போல்ட் ஆக்‌ஷன், பனிச்சறுக்கில் முதுகில் தூக்க ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் 3 கிலோவுக்குள் எடை, 1 முதல் 1.5 கிலோ அழுத்தத்தில் கண்ணாடி உடைவது போல விடும் விசை. விளிம்புத் தோட்டாவில் டிக்கா டி1எக்ஸ், சிஇசட் 457, பழையதில் சாகோ க்வாட் எல்லாம் ஒழுங்கானவை. க்வாட்டில் குழலை மட்டும் மாற்றி .22 எல்.ஆர்., .17, மேக்னம் மூன்றையும் சுடலாம், குழல் மாற்றும்போதெல்லாம் ஸ்கோப்பை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பதுதான் சுமை. .22 எல்.ஆர்.-க்கு 40 செ.மீ. குழல் தாராளம், மருந்து அதற்குள் எரிந்து முடிந்துவிடும். புதரில் மாட்டாது, முனையில் சைலன்சர் போட்டாலும் நீளமாகாது. ஃபின்லாந்திலும் நார்வேயிலும் வேட்டைக்குச் சைலன்சர் சாதாரணப் பொருள்.

பழைய .222 வாங்கினால் குழலின் வரிச்சுற்றை, அதாவது குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகளின் முறுக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதில் 55 கிரெய்னுக்கு மேற்பட்ட நீளக் குண்டு நிலைப்படாமல் தள்ளாடி, தாளில் சாவித்துவாரம் மாதிரி ஓட்டை போடும்.

நாயோடு போகிற சிலர் ஒரு குழலில் ரவையும் (சிதறிப் பாயும் சிறு குண்டுகள்) இன்னொன்றில் .222-உம் போடும் கலப்புத் துப்பாக்கியை விரும்புகிறார்கள், டிக்கா எம்07 மாதிரி. நெருங்கும்போது பறவை கிளம்பிவிட்டால் ரவைக் குழல், உட்கார்ந்திருந்தால் ரைஃபிள் குழல். நல்ல யோசனைதான். ஆனால் ஒட்டிய குழல்கள் சூடானதும் குறி நகரும், முதல் குண்டை மட்டும் நம்ப வேண்டும்.

ஸ்கோப்புக்கு 3–9 மடங்கு, 40 மி.மீ. கண்ணாடி போதும். கவனிக்க வேண்டியது பாரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் குறியும் நகர்வது. 100 மீட்டருக்கு நிலைநிறுத்திய 40 மி.மீ. ஸ்கோப்பை 25 மீட்டரில் பயன்படுத்தி, கண் நடுவில் இல்லாமல் ஓரமாகப் போனால் 15 மி.மீ. வரை பிசகும். மெட்சோவுக்கு அது ஒன்றுமில்லை, 4 செ.மீ. ப்யூவுக்கு நிறைய. விளிம்புத் தோட்டாவுக்கென்று 50 மீட்டரில் அமைத்த ஸ்கோப்பையோ, சக்கரம் திருப்பி மாற்றக்கூடியதையோ எடுங்கள்.

வாங்கிய பிறகு ஆறேழு வகைத் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சோதியுங்கள். .22 குழலுக்குச் சாப்பாட்டு ருசி உண்டு. ஒரு வகையில் 50 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு செ.மீ.க்குள் விழும், இன்னொன்றில் 4 செ.மீ. பரவும். வகை மாற்றியதும் முதல் பத்துக் குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய தோட்டாவின் மெழுகு போய்ப் புதியது குழலில் படிய அத்தனை வேண்டும். பிடித்த வகை கிடைத்ததும் பெட்டியில் ஒரே தொகுதி எண் உள்ளதாக ஐந்நூறு வாங்கி வைத்துவிடுங்கள். பிறகு மேசையை விட்டு எழுந்து, மரத்தில் சாய்ந்தும் முட்டிபோட்டும் சுட்டுப் பாருங்கள். ஐந்துக்கு ஐந்தும் 7 செ.மீ. வட்டத்துக்குள் விழும் தூரம் எதுவோ, தேரிக்கு அதுதான் உங்கள் எல்லை. 55 மீட்டர் என்று வந்தால் 55.

குளிர் எல்லாவற்றையும் மாற்றும். -20 பாகையில் சாதாரண எண்ணெய் பசையாகி, ஊசி தோட்டாவை மெதுவாகத் தட்டும், வெடிக்காது. போல்ட்டைக் கழற்றி எண்ணெயை முழுதாகத் துடைத்துவிட்டு, உலர்ந்த கிராஃபைட் பொடி போதும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: காற்றில் ஒலியின் வேகம் +20-இல் நொடிக்கு 343 மீட்டர், -20-இல் 319. கோடையில் ஒலியைவிட மெதுவாக, சத்தமில்லாமல் போன 330 மீட்டர் தோட்டா ஜனவரியில் ஒலியை முந்தி 'பட்' என்று சாட்டைச் சத்தத்தோடு போகும். மருந்து குளிரில் கொஞ்சம் மந்தமாவதால் சில தோட்டாக்கள் தப்பிவிடும். எது தப்பும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மாலையில் திரும்பியதும் ரைஃபிளைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுபோகாதீர்கள், இரும்பெல்லாம் வேர்த்துவிடும். உறையில் போட்டு மூடிய நிலையிலேயே உள்ளே வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் திறங்கள். வேர்த்த போல்ட்டைத் துடைக்காமல் மறுநாள் காலை வெளியே எடுத்தால் அது உறைந்து கிடக்கும்.